எத்தனையாவது நாள்?

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று இன்னமும் என் ஃபைலில் கிடக்கிறது. முட்டை வந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் 0.6 என்று அச்சாகியிருக்கும். அதைச் சுற்றி சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். வட்டம் போட்ட கைக்கு என்ன அவசரமோ, கோடு கோட்டோடு சேராமல் பாதியில் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த டாக்டர் என்னிடம் சொன்னது இரண்டே வாக்கியம். "முட்டை வரவில்லை. ஹார்மோன் இம்பாலன்ஸ்." அன்று எனக்கு வயது 34. கையில் மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்து, படிக்கட்டில் நின்று அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். யாராவது ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டினால் என் கண் முதலில் தேடுவது தேதியைத்தான். எந்த நாளைய நிலை என்று மேலே போடாத பேலன்ஸ் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது வெறும் தாள். ஊரான் கணக்கில் இவ்வளவு கறார் பார்க்கிறவளுக்கு, என் உடம்புக் கணக்கில் மட்டும் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை.

நல்லவேளையாக எனக்கு ஒரு நோட்டுப் பழக்கம் உண்டு. மாதவிடாய் தொடங்கும் தேதியைப் பல வருடமாகப் பென்சிலால் குறித்து வைக்கிறேன். இரண்டு தேதிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்பது பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். 36, 37, 35, 37. பரிசோதனை எடுத்தது 21ஆம் நாள். அந்த முறையும் மாதவிடாய் வந்தது 37ஆம் நாள்தான். மாத்திரை வாங்காமல், இந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைப் பார்த்தார்.

"உங்களுக்கு 37 நாளுக்கு ஒரு தரம் வருது. அப்புறம் 21ஆம் நாள் ஏம்மா எடுத்தாங்க?"

எனக்கு என்ன தெரியும்? எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அடுத்த முறை 30ஆம் நாள் எடுக்கச் சொன்னார். வந்த எண் 11.4. முட்டை வந்திருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். விஷயம் இவ்வளவுதான். மாதவிடாய் தொடங்கும் நாளை 1 என்று எண்ணுகிறோம். அதிலிருந்து சினைப்பையில் ஒரு முட்டைப்பை வளர்கிறது. அது வளர வளர ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. மூளையடியில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஈஸ்ட்ரோஜன் ஏறினால் தன் சுரப்பைக் குறைத்துக்கொண்டு அடக்கமாக இருக்கும். ஆனால் ஈஸ்ட்ரோஜன் மில்லிலிட்டருக்குச் சுமார் 200 பிகோகிராமைத் தாண்டி, இரண்டு நாள் போல அங்கேயே நின்றுவிட்டால், அதே பிட்யூட்டரி குணம் மாறி எல்.ஹெச். என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. கொட்டத் தொடங்கிய சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வருகிறது. முட்டை காலி செய்துவிட்டுப் போன இடம் மஞ்சள் நிறத் திசுவாக மாறி, கார்பஸ் லூட்டியம் என்ற பெயரோடு வேலையைத் தொடங்குகிறது. புரோஜெஸ்டிரோன் பெருவாரியாக வருவது அங்கிருந்துதான். அதற்கு ஆயுள் ஏறக்குறைய 14 நாள். கரு தங்கவில்லை என்றால் அது வாடும், புரோஜெஸ்டிரோன் சரியும், மாதவிடாய் வரும்.

ஆக, ஒருத்திக்கு 28 நாள், இன்னொருத்திக்கு 37 நாள் என்றால் வித்தியாசம் பெரும்பாலும் முன்பாதியில்தான் இருக்கும். பின்பாதி ஏறக்குறைய ஒரே நீளம். அதனால் முன்னாலிருந்து எண்ணினால் தப்பும். பின்னாலிருந்து எண்ண வேண்டும். அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாளுக்கு முன்பு முட்டை வருகிறது என்று ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஓகினோ 1924லேயே எழுதிவிட்டார். 21ஆம் நாள் என்ற வழக்கம் 28 நாள் சுழற்சிக்காரிக்கு வைத்த கணக்கு. மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடு என்பதுதான் அதன் பொருள். 37க்கு அது 30 ஆகிறது. 21ஆம் நாள் என் முட்டை பெட்டிபடுக்கையைக்கூடக் கட்டியிருக்காது. அன்று புரோஜெஸ்டிரோன் 0.6 இருந்ததில் எந்தக் கோளாறும் இல்லை. அன்று 11 இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். 37 என்ற இடைவெளியும் தப்பில்லை. சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு வழக்கமானது என்று சொல்லும் வரம்பு 24 முதல் 38 நாள் வரை.

இதற்குப் பிறகு "ஹார்மோன் இம்பாலன்ஸ்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. இம்பாலன்ஸ் என்றால், பேலன்ஸாக இருக்க வேண்டிய ஒரு நிலை உண்டு என்று அர்த்தம். இங்கே அப்படி எதுவுமே இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஒரே மாதத்துக்குள் பல மடங்கு ஏறி இறங்குகிறது. புரோஜெஸ்டிரோன் ஒன்றுக்கும் கீழிருந்து பத்துக்கும் மேலே போய்த் திரும்ப வருகிறது. தராசு இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருந்தால்தான் மாதவிடாய் சுழற்சி. ஆடாமல் நின்றால் ஒன்று கர்ப்பம், அல்லது மாத்திரை, அல்லது மெனோபாஸ், இல்லை ஏதோ கோளாறு. யாராவது இந்தச் சொல்லைச் சொன்னால் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். எந்த ஹார்மோன்? எத்தனையாவது நாள் எடுத்தது? ஏறியதா, இறங்கியதா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவேன். "ஹார்மோனைச் சமன் செய்யும்" என்று டப்பாவில் எழுதி விற்கிற பொடிகளும் இதே கணக்கில் சேர்த்தி.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிகோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சின்னதை ரத்தத்தில் எப்படி அளக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அந்த வழியைத் திறந்தவர் ரோசலின் யாலோ என்ற பெண்மணி, சாலமன் பெர்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து. இயற்பியல் படித்தவர். அவர்களுடைய முக்கியமான கட்டுரை ஒன்று 1955இல் ஒரு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. 1977இல் நோபல் பரிசு வாங்கிய யாலோ, தன் உரையில் அந்த நிராகரிப்புக் கடிதத்தையே எடுத்துக் காட்டினார். (பெர்சன் 1972லேயே இறந்துவிட்டதால் பரிசில் அவர் பெயர் இல்லை.) பழைய தாளைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கும் பெண்கள் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

அதே வருடம் அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட கில்லெமினும் ஷாலியும் தேடியது இதைவிட அபூர்வமான சரக்கு. பிட்யூட்டரிக்கு உத்தரவு போடும் ஹைபோதாலமஸ் என்ற மூளைப் பகுதியின் ஹார்மோன். அதில் துளியளவு எடுக்க ஷாலியின் குழு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளைத் துணுக்குகளைச் சேகரித்தது. கிடைத்தது பத்தே பத்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சங்கிலி. இது உடம்பில் தொடர்ந்து ஒழுகுவதில்லை. விட்டு விட்டுத் துடிக்கிறது. எர்ன்ஸ்ட் நாபில் என்ற ஆய்வாளரின் குழு 1978இல் குரங்குகளில் காட்டியதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. மணிக்கு ஒரு தடவை சில நிமிடம் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்கிறது. அதே ஹார்மோனை இடைவெளியே இல்லாமல் செலுத்தினால், நிறையக் கிடைக்கிறதே என்று கூடுதலாக வேலை செய்யாமல், கடையை மூடிவிடுகிறது. கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் உள்ளவர்களுக்குச் சினைப்பையைக் கொஞ்ச காலம் ஓய்வில் வைக்க இன்று கொடுக்கும் ஊசிகளில் ஒரு வகை இந்தத் தந்திரத்தில்தான் ஓடுகிறது. அளவைவிடத் தாளம் பெரிது. ஒரு நாள் காலையில் ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் அந்தத் தாளம் எங்கே தெரியப்போகிறது?

சரி, நாள் சரியாக இருந்தால் மட்டும் எண்ணை நம்பிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. என் அக்கா கதையைச் சொல்கிறேன்.

அக்காவுக்கு முடி கொட்டியது. சீப்பில், தலையணையில், குளியலறை வடிகாலில். யாரோ சொல்லி பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போட ஆரம்பித்தாள். மாத்திரை ஒன்றுக்கு 10 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம்தான். இது அதைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல். இதற்கு நடுவில் தைராய்டு பார்க்கலாம் என்று ரத்தம் கொடுத்தாள். தைராய்டை வேலை வாங்கும் டி.எஸ்.ஹெச். அடிமட்டத்துக்குக் கீழே, தைராய்டே சுரக்கும் டி4 உச்சத்துக்கு மேலே. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு வருகிற மாதிரி அச்சு அசலாக இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் பண்ணி அழுதாள். ஆனால் உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லை. கை நடுக்கம் இல்லை, படபடப்பு இல்லை, எடையும் இறங்கவில்லை.

"நீ என்னென்ன மாத்திரை போடுறே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடி, முடிக்கு மட்டும்தான்."

பல பரிசோதனைக் கருவிகளில் பயோட்டினையே ஒரு கொக்கி மாதிரி வைத்துத்தான் ஹார்மோனைப் பிடிக்கிறார்கள். ரத்தத்தில் பயோட்டின் வழிந்தால் கொக்கிகள் குழம்பிப்போகும். ஒருவகைப் பரிசோதனையில் எண் பொய்யாக இறங்கும், இன்னொருவகையில் பொய்யாக ஏறும். டி.எஸ்.ஹெச். முதல் வகை, டி4 இரண்டாவது வகை. இரண்டும் சேர்ந்தால் இல்லாத நோய் ஒன்று தாளில் உருவாகிவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. டாக்டரிடம் சொல்லி, மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தாள். டி.எஸ்.ஹெச். 2.3. முடி கொட்டியதற்குக் காரணம் பிறகு வேறு இடத்தில் கிடைத்தது. அது என் கதையிலும் வரும் என்பதால் அப்புறம் சொல்கிறேன்.

இதே மாதிரி இன்னும் சில உண்டு. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், ஊசிக்குப் பயந்தாலே கொஞ்சம் ஏறும். தூங்கி எழுந்த கையோடு எடுத்தாலும் கூடுதலாகக் காட்டும். கருத்தடை மாத்திரை போட்டுக்கொண்டே டெஸ்டோஸ்டிரோன் பார்த்தால் உண்மை தெரியாது. அந்த மாத்திரையின் இடைவெளியில் வரும் ரத்தப்போக்கைப் பார்த்து "எனக்குத்தான் மாசாமாசம் சரியாக வருதே" என்பவர்களும் உண்டு. மருந்து நின்றதால் வரும் போக்கு அது. அதை வைத்து முட்டையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இனி நீர்க்கட்டி. இந்தச் சொல்லோடு எனக்குத் தனிச் சண்டை இருக்கிறது. "கர்ப்பப்பை நீர்க்கட்டி" என்று நாம் சகஜமாகச் சொல்கிறோமே, அதில் இருக்கிற இரண்டு சொல்லும் தப்பு. அது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில் இருக்கிறது. அது கட்டியும் இல்லை. 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை இருக்கும், வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகள். எல்லாப் பெண்ணின் சினைப்பையிலும் இவை உண்டு, சிலருக்கு நிறைய. 1935இல் ஸ்டைன், லெவன்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது கண்ணில் பட்டது பெருத்த சினைப்பை. அதை வைத்தே பி.சி.ஓ.எஸ். (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. "கட்டி" என்று காதில் விழுந்ததும் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். அறுத்து எடுக்கணுமா என்றுதான் முதல் கேள்வி வரும்.

அக்கா மகளுக்கு 15 வயதில் ஸ்கேன் எடுத்து இதைத்தான் சொன்னார்கள். அவள் பெரியவளானது 13 வயதில். இடைவெளி 40, 42 நாள். அந்த வயதில், முதல் மாதவிடாய் வந்து மூன்று வருடம் ஆகும்வரை, 45 நாள் இடைவெளிகூட வழக்கத்துக்குள்தான். மூளைக்கும் சினைப்பைக்கும் நடுவே பேச்சுவார்த்தை இன்னும் ஒழுங்குபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், முதல் மாதவிடாய் வந்து எட்டு வருடம் முடியாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவுகட்டக் கூடாது என்று சர்வதேச மருத்துவ வழிகாட்டி நெறியே சொல்கிறது. அந்த வயதுச் சினைப்பையில் பைகள் நிறைய இருப்பது இயல்பு. பிள்ளை ஒரு வருடம் எதையும் வாயில் வைக்கப் பயந்தாள். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைத் தடவிப் பார்ப்பாள், கட்டி தட்டுப்படுகிறதா என்று. சித்தி என்ற முறையில் அவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துக் கட்டம் போடச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது 34, 33 என்று தானாகவே இறங்கியிருக்கிறது.

இதற்கு நேர் எதிர், என்னோடு வேலை பார்த்த ஒரு பெண். வருடத்துக்கு நாலு தடவைதான் வரும். முகவாயில் முடி, தினமும் காலையில் எடுத்துவிட்டுத்தான் ஆபீஸுக்கு வருவார். பின்கழுத்துத் தோல் கறுத்துத் தடித்திருக்கும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். பி.சி.ஓ.எஸ். என்று சொல்ல, 2003இல் ராட்டர்டாமில் வகுத்த விதிப்படி மூன்றில் இரண்டு இருந்தால் போதும்: முட்டை ஒழுங்காக வராதது, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் பைகள். அவருக்கு முதல் இரண்டும் பளிச்சென்று இருந்தன. மூன்றாவதைத் தேடி நாலு வருடம் போயிற்று.

பின்கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை, இன்சுலினின் கையெழுத்து. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனை ஏற்றுகிறது. போதாக்குறைக்கு, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போடும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்யும்படி ஆக்குகிறது. கட்டு அவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோன் முகவாயில் முடியாக வந்து நிற்கிறது. முட்டை வராவிட்டால் புரோஜெஸ்டிரோனும் வராது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக இருந்து கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. வயது வந்த பெண்ணுக்கு, கர்ப்பமும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் 90 நாள் மாதவிடாய் வராமல் போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். "வராட்டி நிம்மதிதானே" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கும் அன்று இது தெரியாது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இடையில் ஒன்று. பெண் ஹார்மோன், ஆண் ஹார்மோன் என்று பிரித்துப் பேசுவதும் முழுக்கச் சரியில்லை. சினைப்பை முதலில் செய்வது ஆண்ட்ரோஜனை. அதிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது. ஈஸ்ட்ரோஜன் மிக அதிகமாகக் கொட்டிக் கிடக்கும் இடங்களில் ஒன்று ஆண் குதிரையின் சிறுநீர் என்று பெர்ன்ஹார்ட் சோண்டெக் 1934இல் எழுதினார். இதை வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

இப்போது எனக்கு 46. நோட்டில் கடைசி நாலு கட்டம்: 24, 41, 26, 52. எங்கள் கணக்குப் பாஷையில் சொன்னால் டேலி ஆகாத பக்கம். படி ஏறினால் மூச்சு வாங்கியது, முடி கொட்டியது, மதியம் மூன்று மணிக்கு மேசையில் தலை சாய்ந்தது. எல்லாம் ஹார்மோன்தான் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன், இத்தனை படித்தும். டாக்டர் முதலில் பார்த்தது இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின். 9. மாதம் இரண்டு நாள் பெருக்கெடுத்துப் போனதில் இரும்புச் சத்து வற்றிப்போயிருந்தது. அக்கா முடிக்கும் இதேதான் காரணம். மூன்று மாதம் இரும்பு மாத்திரைக்குப் பிறகு மூன்று மணித் தூக்கம் போய்விட்டது.

சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனைப் பார்க்க வேண்டாமா என்று நானே கேட்டேன்.

"எதுக்கு? இன்னிக்கு 30 இருக்கும், அடுத்த மாசம் 7 இருக்கும். உங்க வயசுக்கு உங்க நோட்டே போதும்" என்றார். 45 தாண்டிய பெண்ணுக்கு, இடைவெளி குழம்பி, உடம்பு சூடேறும் அறிகுறியும் இருந்தால், அந்தப் பரிசோதனை பெரிதாக எதையும் கூட்டிச் சொல்லாது. மெனோபாஸ் வந்துவிட்டது என்று சொல்ல 12 மாதம் தொடர்ந்து வராமல் இருக்க வேண்டும். அதுவரை ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை. சில மாதம் முன்னைவிட அதிகமாகவே ஏறிவிட்டு விழும். ஹார்மோன் சிகிச்சை வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உண்டா, ரத்தம் உறைந்த சரித்திரம் உண்டா என்று ஒரு பக்கக் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார், நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லையாம்; கூடவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்து ஒன்றும் வேண்டும். காரணத்தை அவர் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். உட்சுவர் தடிக்கும்.

நேற்று இரவு விழிப்பு வந்தது. முதலில் நெஞ்சில் ஒரு இளஞ்சூடு, யாரோ உள்ளே விளக்கேற்றியது போல. அது கழுத்துக்கு ஏறி, காது மடல் வரை போய், பின்கழுத்து முடி நனைந்தது. உடனே குளிர். மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் இடம் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது ரொம்பச் சுரணை கூடிப்போய், இம்மி ஏறினாலும் தீப்பிடித்த மாதிரி வியர்வையைத் திறந்துவிடுமாம். போர்வையைத் தள்ளிவிட்டு, இருட்டில் தடவி நோட்டை எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் எழுதினேன். 47ஆம் நாள், 3.10 மணி, நாலு நிமிடம்.